கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் படிக்க வேண்டியவை

குற்றவியல் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தவள் நான். சாட்சிக் கூண்டில் நிற்பவர் சொல்வதை ஒரு சொல்லும் விடாமல் குறித்துக்கொண்டு, தட்டச்சு செய்து நீதிபதியின் மேசையில் வைப்பது என் பணி. ஓய்வு பெற்ற பிறகு நான் தேடித் தேடிப் படிப்பவை எதிர்காலத்தில் நடக்கும் துப்பறியும் நாவல்கள்தான். கொலையும் அதற்கான பொறுப்பும் இவ்வளவு நுணுக்கமாக விசாரிக்கப்படும் இடம், நீதிமன்றத்துக்கு வெளியே, எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் இவற்றை விறுவிறுப்புக்காக மட்டும் ஒரே மூச்சில் படித்து மூடிவிடுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. பாதியைத்தான் அவர்கள் படித்திருக்கிறார்கள். மீதியை எப்படிப் படிப்பது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வழக்கமான துப்பறியும் கதையில் கேள்வி ஒன்றுதான்: யாருடைய கை? எதிர்காலக் கதையில் அந்தக் கை இயந்திரத்தின் கையாக இருக்கலாம், நினைவு அழிக்கப்பட்ட மனிதனின் கையாக இருக்கலாம், கையே இல்லாத ஒரு கணக்கீடாகவும் இருக்கலாம். அப்போது ‘யார்?’ என்ற கேள்வி சிதறிவிடுகிறது. செய்தது யார், செய்யச் சொன்னது யார், தெரிந்திருந்தது யார், தடுக்க முடிந்தும் தடுக்காதது யார், பயனடைந்தது யார்? நல்ல நாவல் இத்தனைக்கும் வெவ்வேறு பெயர்களை வைத்திருக்கும். வாசகர் கடைசிப் பக்கம் வரை அவற்றை ஒன்றோடொன்று கலக்காமல் கொண்டுசெல்ல வேண்டும்.

முதல் ஐம்பது பக்கங்கள்

கொலை நடக்கும் வரை பொறுமையில்லாமல் பக்கங்களைத் தள்ளாதீர்கள். நகரம் எப்படி இயங்குகிறது, கதவு யாருக்குத் திறக்கும், இயந்திரங்களுக்கு என்ன அனுமதி என்றெல்லாம் விவரிக்கும் பகுதிகளைப் பலர் வர்ணனை என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். இந்த வகை நாவலில் அவைதான் தடயங்கள்.

காரணம் எளிது. துப்பறியும் கதைக்கு 1929இல் பத்து விதிகளை வகுத்த ரொனால்ட் நாக்ஸ், அதுவரை கண்டுபிடிக்கப்படாத விஷமோ, கடைசியில் நீண்ட அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவியோ கதையில் வரக்கூடாது என்று நான்காவது விதியாகச் சொன்னார். எதிர்காலக் கதையில் எல்லாக் கருவியுமே நமக்குப் புதியவை. ஆகவே நேர்மையான எழுத்தாளர் தன் உலகத்தின் விதிகளை முன்கூட்டியே நம் கண்முன் வைத்துவிடுவார். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு புதுக் கருவியைக் கொண்டுவந்து முடிச்சை அவிழ்த்தால், அந்த எழுத்தாளரை மறுபடி நம்ப வேண்டாம்.

ஒரு தாளை எடுத்து இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் அந்த உலகில் ‘முடியாது’ என்று சொல்லப்படுபவை, மறுபக்கத்தில் ‘கூடாது’ என்று சொல்லப்படுபவை. சுவர் வழியாகப் பார்க்க முடியாது. மற்றவர் நினைவைத் திறந்து பார்க்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கொலையாளி ஒளிந்திருப்பார். ‘இயந்திரம் மனிதனைக் கொல்லாது’ என்று ஒரு பாத்திரம் சொன்னால் உடனே தாளின் எந்தப் பக்கத்திலும் எழுதிவிடாதீர்கள். சொன்னது யார் என்று பாருங்கள். அதைத் தயாரித்தவரா, அதனால் பிழைப்பவரா, அப்படி நம்பி வளர்க்கப்பட்டவரா? நீதிமன்றத்தில் அது சாட்சியம். உண்மையென்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அந்த எச்சரிக்கையை நாவலுக்குள்ளும் எடுத்துச் செல்லுங்கள்.

இதற்கு அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவைத்தான் முன்மாதிரியாகச் சொல்வேன். இயந்திர மனிதன் எந்த மனிதனுக்கும் தீங்கு செய்யக்கூடாது என்று தொடங்கும் மூன்று விதிகளை அவர் 1942இல் ஒரு சிறுகதையில் எழுதினார். 1957இல் வந்த அவருடைய நாவலில், துப்பறிவாளர் அதே விதியை வழக்கறிஞரைப் போலக் குறுக்கு விசாரணை செய்கிறார். ஒரு இயந்திரத்திடம் இந்தத் துளியைப் பாலில் கலக்கச் சொல்லுங்கள். இன்னொன்றிடம் அந்தப் பாலைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்குமே தான் செய்வது என்னவென்று தெரியாது. விதி மீறப்படவில்லை, ஆள் இறந்துவிட்டான். ‘தெரிந்தே’ என்ற நிபந்தனை அந்த விதிக்குள் மறைந்திருக்கிறது என்று அவர் காட்டுகிறார். கதையின் முடிவை நான் இங்கே சொல்லவில்லை. கொலை துண்டுகளாக வெட்டப்பட்டுப் பலரிடம் கொடுக்கப்படலாம் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். எதிர்காலக் கொலைக் கதைகளில் கணிசமானவை இந்த ஒரு வாசலின் வழியாக நுழைந்தவை.

எங்கே ஓடுவது, எங்கே நிற்பது

துரத்தல் அத்தியாயங்களில் ஓடுங்கள். மூச்சு வாங்க ஓடுவதற்காகத்தான் அவை எழுதப்பட்டிருக்கின்றன. நடுவில் பென்சிலை எடுப்பது எழுத்தாளருக்குச் செய்யும் அநியாயம். விசாரணை அத்தியாயம் வந்ததும் நின்றுவிடுங்கள். முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். துப்பறிவாளர் கேட்பதை ஒரு குரலிலும் பதிலை வேறு குரலிலும் படித்தால், எந்தக் கேள்விக்கு நேராகப் பதில் வரவில்லை என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

வாக்குமூலங்களை எழுதி எழுதி எனக்குப் பழகிய ஒன்று உண்டு. ஆள் இல்லாத வாக்கியங்களைக் கவனிப்பது. ‘கதவு மூடப்பட்டது’, ‘பெயர் நீக்கப்பட்டது’, ‘அப்படி நேர்ந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியத்திலிருந்து ஒரு மனிதர் வெளியேறியிருக்கிறார். நேற்று வரை ‘நான் போனேன், நான் பார்த்தேன்’ என்று பேசிய பாத்திரம், குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் இப்படிப் பேசினால், பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கொலையாளியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு அந்த மரணத்தில் ஒரு பங்கு இருக்கிறது, அது அவருக்கே தெரிந்தும் இருக்கிறது. இயந்திரங்கள் தீர்மானிக்கும் உலகத்தில் எல்லாருமே இப்படித்தான் பேசுவார்கள் என்பதால் இந்தப் பழக்கம் இன்னும் தேவைப்படுகிறது.

பொறுப்புக் கணக்கு

என் வாசிப்புக்கு முதுகெலும்பே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விளக்குவதற்காக நானே ஒரு கதையைக் கற்பனை செய்கிறேன்.

மூடிய கோபுரங்களில் மனிதர்கள் வாழும் ஒரு காலம். காற்றைப் பங்கிடுவது ஒரு இயந்திரம். பற்றாக்குறை நாளில் ஆள் இல்லாத அறைகளுக்குக் காற்றை நிறுத்திவிடும். ஓர் இரவு, பதிவேட்டில் ‘காலி’ என்று இருந்த அறையில் ஒரு முதியவர் மூச்சுத்திணறி இறந்துகிடக்கிறார். காற்றை நிறுத்தியது இயந்திரம். பதிவேட்டில் ‘வசிக்கிறார்’ என்பதைக் ‘காலி’ என்று மாற்றியது அவருடைய மருமகன். அறை தன் பெயருக்கு வர வேண்டும் என்ற ஆசை, கொல்லும் எண்ணம் இருந்ததா என்பது தெளிவில்லை. நேரில் போய்ப் பார்க்காமல் அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர் ஒரு எழுத்தர். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அவருக்கு அப்படி வருகின்றன. ஆள் இருக்கிறாரா என்று உணரும் கருவியைச் செலவு கருதி நீக்கியது ஒரு குழு. சுவரில் தட்டும் ஓசையைக் கேட்டும் தூங்கப்போனவர் பக்கத்து அறைப் பெண்.

இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். வரியில் ஐந்து கட்டங்கள்: என்ன செய்தார்? அப்போது அவருக்கு என்ன தெரியும்? முயன்றிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? வேறு மாதிரி நடந்துகொள்ள முடிந்திருக்குமா? மரணத்துக்குப் பிறகு என்ன செய்தார்?

மூன்றாவது கட்டத்தைத்தான் வாசகர்கள் அடிக்கடி காலியாக விடுகிறார்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று பாத்திரம் சொன்னதும் விடுதலை கொடுத்துவிடுகிறார்கள். அரிஸ்டாட்டில் இதை அன்றே மறுத்திருக்கிறார். அறியாமைக்கு ஒருவன் தானே காரணமாக இருந்தால் அந்த அறியாமைக்கே அவன் பொறுப்பு என்கிறார். குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை அதற்கு எடுத்துக்காட்டுகிறார். நம் எழுத்தருக்குத் தெரியாதுதான். ஆனால் தெரிந்துகொள்வதுதான் அவர் வேலை. இன்னொரு பக்கம், நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒருவர் தலையில் கட்டியவர்கள் அவர் தெரிந்துகொள்ள முடியாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரியை எழுதும்போது என் கை நிற்கும். அங்கே நிற்கவும் வேண்டும்.

நான்காவது கட்டத்துக்கு ஒரு சோதனையை வைத்திருங்கள். 1969இல் தத்துவ அறிஞர் ஹாரி ஃபிராங்ஃபர்ட் ஒரு கட்டுரையில் ஓர் ஏற்பாட்டைக் கற்பனை செய்தார். ஒருவன் தானாகவே ஒரு செயலைச் செய்ய முடிவெடுக்கிறான். அவன் தயங்கினால் தலையிட்டு அதைச் செய்ய வைக்க இன்னொருவன் மறைவில் காத்திருக்கிறான்; ஆனால் தலையிட வேண்டிய தேவையே வரவில்லை. செய்தவனால் வேறு மாதிரி செய்திருக்கவே முடியாது. அப்படியிருந்தும் பொறுப்பு அவனுடையதுதான் என்பது ஃபிராங்ஃபர்ட்டின் வாதம். மூளைக்குள் கருவி பதித்த மனிதர்கள் வரும் நாவலில் இது அப்படியே கதையாக வரும். ‘கருவி என்னைச் செய்ய வைத்தது’ என்று பாத்திரம் சொன்னால், அந்த நேரத்தில் கருவி உண்மையில் இயங்கியதா, சும்மா இருந்ததா என்று எழுத்தாளர் எங்கேயோ சொல்லியிருப்பார். தேடுங்கள்.

நினைவை அழிப்பது, ஒரே ஆளின் பிரதிகள் என்று கதை போனால் தத்துவ அறிஞர் ஜான் லாக்கின் பழைய கேள்வி உதவும். நேற்றைய செயலை நினைவாக உணர்கிறவன்தான் நேற்று இருந்த அதே ஆள் என்றார் அவர். அப்படியானால் கொலையின் நினைவு முழுவதும் துடைக்கப்பட்ட மனிதனைக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? நினைவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டவன் குற்றவாளியா? நாவல் இதற்கு என்ன பதில் சொல்கிறது என்பதைத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். பதிலில் எனக்கு உடன்பாடு இல்லாத நாவல்களையும் நான் மதிக்கிறேன். கேள்வியைத் தொட்டுவிட்டு ஓடுகிற நாவலை மதிப்பதில்லை.

இந்தக் கணக்கைப் பழகிப் பார்க்க எதிர்காலக் கதையே வேண்டும் என்பதில்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலனைக் கொன்றது யார்? வாளை எறிந்தவன் பெயரில்லாத ஒரு கல்லாக் களிமகன், அதாவது படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன். பொய் சொன்னவன், தானே அரசியின் சிலம்பைத் திருடியிருந்த பொற்கொல்லன். தேவியின் ஊடலைத் தணிக்கும் அவசரத்தில், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று அதைக் கொண்டுவருக என்று ஆணையிட்டவன் பாண்டியன். நிபந்தனையோடு ஓர் ஆணை. நிபந்தனையைச் சோதிக்கும் பொறுப்பு யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. நம் கோபுரத்து இயந்திரமும் இதே ஆணையில்தான் ஓடுகிறது. இவனைப் பார்த்தால் கொலைப்படும் ஆளாகத் தெரியவில்லை என்று தயங்கிய காவலர்களும் அங்கே இருக்கிறார்கள். தயங்கினார்கள், தடுக்கவில்லை. அவர்களுடைய வரியை எழுதிப் பாருங்கள். அரசனுடைய வரியை விட அதிக நேரம் எடுக்கும். பின்னால் வழக்குரை காதையில், கண்ணகியின் சிலம்பு உடைந்து உள்ளிருந்து முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்ததும், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பாண்டியன் மொத்தப் பழியையும் தானே ஏற்கிறான். கையும் அவனுடையது இல்லை, பொய்யும் அவனுடையது இல்லை. ஐந்தாவது கட்டத்தில் அவனைப் போல ஒருவரும் எழுதியதில்லை.

இது கற்பனை உலகத்தின் சிக்கல் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரில், சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கிக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரவில் சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்பே கார் அவரை உணர்ந்துவிட்டது. ஆனால் அவர் வண்டியா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டிருந்தது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்பது அதற்குச் சொல்லித்தரப்படவில்லை. காரில் கண்காணிப்புக்காக அமர்ந்திருந்தவரின் கண்கள் சாலையில் இல்லை. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு வரவில்லை. கண்காணிப்பாளர் 2023இல் ஆபத்து விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. இதையும் ஒரு வழக்காக எடுத்து வரி வரியாக எழுதிப் பாருங்கள். எத்தனை பேருக்கு வரி தேவைப்படுகிறது, அதில் எத்தனை பேர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள் என்பதைப் பார்த்த பிறகு நாவலைத் திறந்தால், எழுத்தாளர் எதற்காக இவ்வளவு சிரமப்படுகிறார் என்பது புரியும்.

துப்பறிவாளரின் வரி

கணக்கில் அவருக்கும் ஒரு வரி விடுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். எதிர்காலக் கதையில் துப்பறிவாளர் வெளியிலிருந்து வருபவர் இல்லை. அதே காற்றைத்தான் அவரும் சுவாசிக்கிறார். என் கற்பனைக் கோபுரத்தில், அன்றிரவு மிச்சமான காற்று யார் அறைக்குப் போனது? அவர் அறைக்கும் போயிருக்கலாம். மற்றவர் நினைவைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அவருக்கு இருந்தால், அதை எத்தனை முறை, யாரிடம், எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு அப்பாவியை மிரட்டினால் அதையும் எழுதுங்கள். கொலையாளியை அவர் பிடித்த மகிழ்ச்சியில் அந்தப் பக்கத்தை மறந்துவிடக் கூடாது.

பெயர் வெளியான பிறகு

பெரும்பாலும் நாவலின் கடைசிப் பகுதி தொடங்கும்போது பெயர் வெளிவந்துவிடும். வேகம் குறையும். இங்கேதான் பலர் புத்தகத்தைத் தளர்வாகப் பிடிக்கத் தொடங்குகிறார்கள். நானோ இங்கேதான் நிமிர்ந்து உட்காருகிறேன். சரியான ஆளைக் கண்டுபிடித்த பிறகு அந்த உலகம் அவரை என்ன செய்கிறது? தண்டிக்கிறதா, பழுது பார்க்கிறதா, அழித்து மீண்டும் எழுதுகிறதா? இயந்திரத்தை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனால், மீதி நால்வரின் வரிகள் என்ன ஆயின? ‘கோளாறு’ என்று கோப்பை மூடும் முடிவை எழுத்தாளரே ஏற்றுக்கொள்கிறாரா, அல்லது நம்மைக் கோபப்பட வைக்க அப்படி முடித்திருக்கிறாரா? கடைசி இருபது பக்கங்களில் யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

படித்து முடித்ததும் உங்கள் தீர்ப்பைத் தேதியிட்டு எழுதிவிடுங்கள். நான்கைந்து வரி போதும். பிறகு கொலை நடக்கும் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள். முழு நாவலையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. யார் அந்த அறையில் இருந்தார்கள், யார் வந்துவிட்டுப் போனார்கள், யார் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் என்பது இம்முறை வேறாகத் தெரியும். தீர்ப்பை மாற்றத் தோன்றினால் பழையதை அடிக்காமல் கீழே புதிதாக எழுதுங்கள்.

கூட ஒருவர் அதே நாவலைப் படித்தால் இன்னும் நல்லது. பேசத் தொடங்கும் முன் இருவரும் தனித்தனியே எழுதி முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்திப் பேசுபவரின் தீர்ப்பே இருவருக்கும் ஆகிவிடும். தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். எங்கே ஒத்துப்போகிறது என்பதில் நேரம் செலவிட வேண்டாம். அவர் எழுதி நீங்கள் விட்டுவிட்ட வரி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். என்னிடம் ஒரு தடவை பக்கத்து அறைப் பெண்ணைப் போன்ற ஒருத்திக்கு வரி கேட்டு என் தோழி விடியும் வரை வாதாடினாள். அவள் நாவலைக் கையில் எடுத்து, அந்தப் பெண் தட்டும் ஓசையைக் கேட்டதாகச் சொல்லும் அந்த ஒரே வாக்கியத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் வரியைச் சேர்த்தேன். நான்காவது கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் மட்டும் நாங்கள் இன்னும் உடன்படவில்லை.